கஞ்சி குடித்த சாக்கு

அத்தியாயம் 4

வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, செம்மேடு பாலிஷ் கொட்டகைக்குள் இருந்தவர்கள்:

1. ஜோசப், வயது 43. சிறுதொழில் பயிற்சி அலுவலர். மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர். பாலிஷ் காய்ச்சுவது அவர் மட்டும். வெள்ளிக்கிழமை விடியும் முன் இறந்தார்.

2. சங்கீதா, 27. மலையில் அரியூர் நாட்டுப் பகுதி. ஜோசப் பக்கத்தில் நின்று டர்பன்டைன் டப்பாவை எடுத்துக் கொடுப்பவள். இடது கை முழங்கை வரை வெந்துவிட்டது.

3. பூங்குழலி, 34. வாழவந்தி நாடு. டின்னில் ஊற்றி மூடுபவள். காயமில்லை. வலது கையில் இரண்டு விரல் மடங்காது. அது போன வருஷத்துக் காயம்.

4. சின்னக்கண்ணு, 55. வாழவந்தி நாடு. கல்மாவு சலிப்பவள். காயமில்லை.

5. நாய். பெயர் கிடையாது. முதலில் வெளியே ஓடியது அதுதான்.

முதல் நான்கு பேரையும் எழுதியவர் சப்-இன்ஸ்பெக்டர் மாதேஸ்வரன். ஐந்தாவதைப் பென்சிலால் சேர்த்தவன் பூபதி.

“நாயை ஏன் விசாரிக்கலைன்னு எஸ்.ஐ.யைக் கேக்கணும் மேடம். வாக்குமூலம் எல்லாத்தையும் படிச்சுட்டேன். அந்தக் கொட்டகையில ஜோசப் மேல கோபம் இல்லாத ஒரே ஆள் அதுதான்” என்றான்.

வளர்மதி காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பதினோரு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் சோதித்தவள். இப்போது சேலத்தில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். இரண்டு நாற்காலி, ஒரு பூபதி. சேலத்திலிருந்து அவன் பேசிக்கொண்டே வந்தான். மலைச்சாலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் வாயை இறுக மூடி, ஓர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். அவளுக்கு அந்த எழுபதும் பிடித்திருந்தது.

அவர்களை வரவழைத்தவள் தெரசா. துணை சுகாதார நிலையத்தின் நர்ஸ், ஜோசப்பின் மனைவி. புருஷனைக் கீழே கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு ஒன்பதாம் நாள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். போனில் அழவில்லை. பாலிஷ் காய்ச்சும் சட்டி இரண்டு வருடமாக வாரத்துக்கு இரண்டு தடவை தீப்பிடிக்கிறது, ஒவ்வொரு தடவையும் அவர்தான் அணைத்தார், அன்றைக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்று கேட்டாள். அதன் பிறகுதான் சங்கீதாவைப் பற்றிச் சொன்னாள்.

“அவ கைக்குத் தினமும் நான்தான் கட்டு மாத்துறேன். இங்க வேற நர்ஸ் கிடையாது. அவதான் செஞ்சான்னு போலீஸ் சொல்லுது, அவ இல்லைங்கிறா. யார் புண்ணைக் கழுவுறோம்னு தெரியாமலே கழுவிட்டு இருக்கேன் மேடம்.”

போலீஸின் கதை எளிமையானது. புதன்கிழமை மாலை ஜோசப் சங்கீதாவைத் திட்டினார். வியாழக்கிழமை அவள் டர்பன்டைனை மொத்தமாகச் சட்டியில் கவிழ்த்தாள். நான்கு மணிக்குக் கீழேயிருந்து பெண் காவலரோடு ஜீப் வரும். அவளை ஏற்றிக்கொண்டு நாமக்கல் போகும். போனால் எந்த வருடம் திரும்பி மலையேறுவாள் என்று யாரும் சொல்ல முடியாது. இப்போது மணி ஒன்று.

கொட்டகையின் பூட்டைச் சின்னக்கண்ணு திறந்துவிட்டாள். உள்ளே அடுப்புக்கு மேல் தகரக் கூரை வரை கரி ஏறியிருந்தது. மேஜையில் மூடாமல் விட்ட டின்கள். அவற்றுக்குள் பாலிஷ் வெடிப்பு விட்டுக் காய்ந்திருந்தது. டைல்ஸ், கிரானைட், சிங்க், அடுப்பு மேடை எல்லாவற்றையும் கண்ணாடியாக்கும் என்று டின்னில் எழுதியிருந்தது.

வேலை எப்படி நடக்கும் என்று வளர்மதி கேட்டாள். சின்னக்கண்ணு சுற்றி வளைக்கவில்லை. தண்ணீர்ச் சட்டிக்குள் மெழுகுச் சட்டியை இறக்கித் தேன்மெழுகை உருக்க வேண்டும். உருகியதும் சட்டியை வெளியே, அடுப்பைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோய் டர்பன்டைன் கலக்க வேண்டும். ஆறி வரும்போது கல்மாவை, அதாவது சுண்ணாம்புக்கல் பொடியை, சலித்துப் போட்டுக் கிண்ட வேண்டும். அழுக்கை உரசி எடுப்பது கல்மாவு, பளபளப்பு தருவது மெழுகு. முதல் நாள் இப்படித்தான் ஜோசப் சொல்லிக் கொடுத்தார். இரண்டாம் நாளிலிருந்து சட்டியை நேராக அடுப்பில் வைத்து, அடுப்பின் மேலேயே டர்பன்டைனையும் ஊற்றினார். அரை நாள் மிச்சமாகும் என்றார்.

“அதான் அடிக்கடி புடிச்சுக்கும் கண்ணு. நாங்க மூணு பேரும் செவுத்தோட ஒட்டிக்குவோம். அவரு உடனே அணைக்க மாட்டாரு. நாங்க ஒட்டி நிக்கறதைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, சிரிச்சுட்டு, அப்புறந்தான் வாளியில இருந்து ரெண்டு கை கல்மாவு அள்ளி வீசுவாரு.”

அடுப்புக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு வாளி இன்னும் இருந்தது. ‘தீ’ என்று வெள்ளை எழுத்து. இதில் மணல் ஏன் இல்லை என்று பூபதி கேட்டதற்குச் சின்னக்கண்ணு, மணல் விழுந்தால் அந்தச் சட்டி பாலிஷ் முழுக்கக் குப்பைக்குப் போய்விடும், கல்மாவு எப்படியும் பாலிஷுக்குள் போகிற சாமான்தானே என்றாள். அந்த யோசனையும் ஜோசப்புடையதுதான். அதற்காக அவருக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்ததாம்.

“வாரத்துக்கு ரெண்டு தடவை தீயைப் பத்த வெச்சுட்டு, அதை அணைச்சதுக்குப் பாராட்டுக் கடிதம். நானும் அந்த ஆபீஸ்ல சேர்ந்திருக்கலாம் மேடம்.”

வளர்மதி அவனைக் கவனிக்கவில்லை. சுவர் ஓரத்தில் ஒரு கோணிச்சாக்கு நின்றுகொண்டிருந்தது. சாய்ந்து நிற்கவில்லை. தனியாக, சுவரைத் தொடாமல் நின்றது.

“அட்டென்ஷன்ல நிக்குது. எஸ்.ஐ. வந்துட்டுப் போனப்ப நின்னிருக்கும், இன்னும் யாரும் உக்காரச் சொல்லலை” என்றான் பூபதி.

அந்தச் சாக்கு எது என்று வளர்மதி கேட்டாள். ஜோசப்மேல் போட்ட சாக்கு, தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்து நான்தான் போட்டேன் என்றாள் சின்னக்கண்ணு. சொல்லும்போது சாக்கைப் பார்க்கவில்லை. தீ எப்படி வந்தது என்று கேட்டதற்கு, வழக்கம்போலச் சட்டியில்தான் பிடித்தது, அவரும் வழக்கம்போல வாளியில் கைவிட்டு வீசினார், வீசியதும் தீ அணைவதற்குப் பதில் எழுந்து அவர் நெஞ்சுக்கு வந்துவிட்டது என்றாள். அவர் பயந்துபோய் வாளியோடு மீதியையும் வீச, அது கூரை வரை போயிற்று.

வளர்மதி சாக்கின் ஓரத்தை மடக்கினாள். அப்பளம் மாதிரி உடைந்தது. உடைந்த இடத்தில் காய்ந்த பசை பளபளத்தது.

“பூபதி, வெள்ளைக் காலர் சட்டைக்கு உங்க ஊர் சலவைக்காரர் கல்மாவு போடுவாரா?”

“கஞ்சி போடுவாரு மேடம். கல்மாவு போட்டா காய்ஞ்சதும் உதிர்ந்துரும்.”

“இது உதிரலை. பழத்தைக் கொடு.”

எந்தப் பழம் என்று அவனுக்குத் தெரிந்தது. இறங்கும்போது தான் எதை மோந்து பார்ப்பது, எழுபது வளைவும் இறக்கத்தில் இன்னும் மோசம் என்று வாதாடிப் பார்த்தான். அவள் அதற்குள் பழத்தை மேஜைக் கத்தியால் இரண்டாக அறுத்துவிட்டாள்.

முதல் பாதியை மேஜையின் இடுக்கில் சிந்திக் கிடந்த பழைய கல்மாவின் மேல் பிழிந்தாள். சோடா போல நுரைத்தது. இரண்டாவது பாதியை வாளியின் அடியில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியின் மேல் பிழிந்தாள். பொடி நனைந்தது. அவ்வளவுதான். நுரை வரவில்லை.

பிறகு வாளியிலிருந்து நனையாத பொடியை ஒரு சிட்டிகை எடுத்துச் சின்னக்கண்ணுவின் உள்ளங்கையில் வைத்தாள். என்னவென்று சொல்லவில்லை. சின்னக்கண்ணுவின் கட்டைவிரல் தானாகப் பொடியை நசுக்கியது. நறுக் நறுக்கென்று மெல்லிய சத்தம் வந்தது.

“கெழங்கு மாவு” என்றாள். கண் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. கையைப் புடவையில் துடைத்தாள்.

ஈரச் சாக்கில் சூட்டோடு கஞ்சியாகிக் காய்ந்திருந்தது அந்த மாவுதான். மரவள்ளி விளையும் மலையில் அது இல்லாத வீடு கிடையாது. தினமும் இந்த வாளியைத் தொடுவது யார் யார் என்று வளர்மதி கேட்டாள். எல்லோரும்தான் என்றாள் சின்னக்கண்ணு. காலையில் வந்ததும் மூன்று பெண்களும் இதில் கைவிட்டு உள்ளங்கையில் மாவு பூசிக்கொண்டுதான் மெழுகுக் கட்டியைத் தொடுவார்கள். இல்லையென்றால் மெழுகு கையோடு ஒட்டிக்கொண்டு வரும். வளர்மதி திரும்பி வாளியையே பார்த்தாள். பூபதி அதைக் கவனித்தான், காரணம் அவனுக்குப் புரியவில்லை.

கிழங்கு மாவை இங்கே கொண்டுவந்தது யார் என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரத் தாமதமானது. மூன்று தடவை கேட்ட பிறகு வந்தது. புதன்கிழமை மாலை, ஒரு கட்டைப்பை நிறைய. சங்கீதா.

வெளியே வந்ததும் பூபதி காறித் துப்பினான். “அவளைக் கழுமரத்துல இருந்து இறக்கத்தானே மேடம் வந்தோம்? இப்ப மரத்துக்கு எண்ணெய் தடவிக் கொடுத்துட்டோம்.”

துணை சுகாதார நிலையம் சாலைக்கு அந்தப் பக்கம்தான். கட்டுப் போடும் அறையில் ஒரு பெஞ்சில் சங்கீதா உட்கார்ந்திருந்தாள். இடது கை முழுக்கத் துணி. தெரசா மேஜையருகில் நின்று கத்தரிக்கோலையும் இடுக்கியையும் தட்டில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். மாதேஸ்வரன் ஜன்னலோரம் நின்று ஜீப் வரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாக்கையும் எலுமிச்சம்பழத்தையும் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. டர்பன்டைன் கதையில் அவருக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்தது. டப்பாவில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்ததே காரணம். இது அதைவிட நல்ல கதை. அணைக்கிற பொடியை எடுத்துவிட்டு எரிகிற பொடியை வைத்திருக்கிறாள். கொண்டுவந்தவளும் அவள், பார்த்த சாட்சியும் இருக்கிறது.

“நீங்க கீழ போறப்ப உங்க கையெழுத்தையும் ஒண்ணு போட்டுட்டுப் போயிருங்க மேடம். பெரிய உதவி பண்ணிட்டீங்க.”

சங்கீதா தலை நிமிரவில்லை. கொண்டுவந்ததை மறுக்கவுமில்லை. ஜோசப் சார் கேட்டார், கொண்டுவந்து கொடுத்தேன் என்று மட்டும் சொன்னாள். அவர் அப்படிக் கேட்டது வேறு யார் காதிலாவது விழுந்ததா என்று மாதேஸ்வரன் விசாரித்தார். இல்லை என்றாள். செத்தவர் வந்து சொல்ல மாட்டார் என்று தெரிந்துதான் சொல்கிறாய் என்றார் அவர்.

வளர்மதி தெரசாவின் பக்கம் திரும்பினாள். புதன்கிழமை மாலைக்குப் பிறகு ஜோசப் யாருக்காவது போனில் ஏதாவது அனுப்பினாரா என்று கேட்டாள்.

அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருவதாக இருந்தது. அதற்காக ஆபீஸ் குழுவுக்கு ஒரு புகைப்படம், அதையே மனைவிக்கும். தெரசா தன் போனை நீட்டினாள். கொட்டகை வாசலில் ஜோசப். ஒல்லியான ஆள், இஸ்திரி போட்ட சட்டை. விளிம்பு வரை வெள்ளைப் பொடி நிறைந்த சிவப்பு வாளியைப் பந்தயத்தில் ஜெயித்த கோப்பை மாதிரித் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். கீழே ‘ஆய்வுக்குத் தயார்’ என்று எழுதியிருந்தது. நேரம் புதன்கிழமை மாலை ஐந்து நாற்பது.

“கொட்டகை வராந்தாவுல புது கல்மாவு மூட்டை இருக்கு. அதே வாளியில விளிம்பு வரைக்கும் ரொப்பிக் கொண்டு வா” என்றாள் வளர்மதி.

பூபதி போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தான். இரண்டு கையாலும் வாளியைத் தொடையில் தாங்கி, கால்களை அகட்டி நடந்து வந்தான். வாசற்படியில் ஒரு தடவை இறக்கி வைத்து மூச்சு வாங்கினான்.

“ஒரு கையில தோளுக்கு மேல தூக்கு.”

“அதுக்கு அடுத்த ஜென்மத்துல வேற அப்பா அம்மா வேணும் மேடம்.”

மாதேஸ்வரன் அவனைத் தள்ளிவிட்டுத் தானே முயன்றார். வாளி முழங்கால் வரை வந்தது, பிறகு மெல்லத் தரைக்குப் போனது. அவர் மீசையில் வெள்ளைத் தூள் படிந்தது. படத்தை வாங்கி மறுபடி பார்த்தார்.

கிழங்கு மாவு கல்மாவில் பாதி கனம்கூட இருக்காது. ஜோசப் இரண்டு வருடமாகக் கல்மாவு வாளியைத் தூக்கிய ஆள். புதன்கிழமை அது ஒற்றைக் கையில் தோளுக்கு மேல் போனபோது உள்ளே இருப்பது கல்மாவு இல்லை என்று அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்தேதான் அதோடு நின்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். ஏன் என்று வளர்மதி கேட்டதற்கு, தெரசாவே பதில் சொன்னாள். மண்சரிவில் மலைச்சாலை பாதி அடைபட்டு லாரி மட்டும் வரவில்லை, பாலிஷுக்குப் போக வாளிக்குக் கல்மாவு மிச்சமில்லை, ஆய்வின்போது வாளி காலியாக இருந்தால் எழுதிவிடுவார்கள் என்று புலம்பிக்கொண்டிருந்தார். வெள்ளையாக எதையாவது போட்டு நிரப்பிவிட்டால் போதும் என்றார். எதைப் போட்டார் என்று தெரசா கேட்டுக்கொள்ளவில்லை.

லாரி சனிக்கிழமை வந்தது. ஆய்வுக்கு வர வேண்டியவர்கள் வெள்ளிக்கிழமை மலர்மாலையோடு வந்தார்கள்.

“ஆக, அவரே வெச்சாரு, அவரே வீசுனாரு” என்றார் மாதேஸ்வரன். அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது. “கீழ்நாட்டு ஆளு. மாவு எரியும்னு தெரியலை. விபத்துதான்.”

சங்கீதா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். பூபதி அவளைப் பார்த்துச் சிரித்தான். மாதேஸ்வரன் போனை எடுத்து, ஜீப் வந்தால் போதும், பெண் காவலர் தேவையில்லை என்று சொல்லத் தொடங்கினார்.

வேலை அங்கே முடிந்திருந்தது. வளர்மதி கைப்பையை எடுத்திருந்தால் அத்தோடு போயிருக்கும். அவள் எடுக்கவில்லை. பூபதி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லத் தலையசைத்தான், வேண்டாம் என்று. அவனுக்கும் இப்போது புரிந்திருந்தது.

“சங்கீதா, கிழங்கு மாவு தீயில பட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்க. எங்கூர்ல எல்லாத்துக்கும் தெரியும். மாவு சலிக்கோணும்னா அடுப்பை அணைச்சுப் போட்டுத்தான் சலிப்போம்.”

“அவர்கிட்ட சொன்னியா?”

“சொல்ல வாயெடுத்தேனுங்க. மலைக்காரிகிட்ட நான் பாடம் படிக்கணுமான்னு வைதாரு. அன்னிக்கு அவரு வைதது அதுக்குத்தானுங்க.”

“அது புதன்கிழமை. வியாழக்கிழமை காலையில?”

சங்கீதா தன் நல்ல கையைப் பார்த்தாள்.

“வியாழக்கிழமை சொல்லலீங்க.”

தெரசா இடுக்கியைத் தட்டில் வைத்தாள். சத்தமில்லாமல் வைத்தாள்.

மூன்று பேரும் கலந்து பேசினீர்களா என்று வளர்மதி கேட்டாள். இல்லை என்றாள் சங்கீதா. காலையில் சின்னக்கண்ணு முதலில் வாளியில் கைவிட்டாள், பிறகு பூங்குழலி, பிறகு இவள். மாவு விரலுக்குள் நறுக்கென்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூங்குழலி தன் மடங்காத இரண்டு விரலிலும் மாவைப் பூசிக்கொண்டாள். பிறகு மூவரும் வேலையைத் தொடங்கினார்கள்.

“நாங்க ஒண்ணுமே செய்யலீங்க. தீ வாரத்துக்கு ரெண்டு தரம் தானா வரும். சும்மா இருந்தாப் போதும்” என்றாள்.

சங்கீதாவுக்கு இப்போது நிறுத்த முடியவில்லை.

“போன வருசம் பூங்குழலியக்கா கையில மெழுகோட தீ ஒட்டுனப்ப, நாப்பது டின்னையும் ஊத்தி முடிச்சுட்டுப் போ, மெழுகு இறுகிப் போயிரும்னாரு. அக்கா ஊத்தி முடிச்சாங்க. இந்த ரூமுக்குத்தான் கூட்டியாந்தோம். ஊட்டுல வெந்நி கொட்டிருச்சுன்னு சிஸ்டருதான் எழுதுனாங்க.”

தெரசா மறுக்கவில்லை.

“அப்ப உன் கை எப்படி வெந்துச்சு?” வளர்மதி இதை மெதுவாகக் கேட்டாள்.

“அவரு அள்ளறப்ப நீட்டிட்டேனுங்க. வாளியப் புடுங்கறதுக்கு.”

“ஏன்?”

“தெரியலீங்க. நீட்டோணும்னு நெனைக்கவே இல்லை.”

மாதேஸ்வரன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் நிறையக் குற்றவாளிகளைப் பார்த்தவர். இது எந்த வகை என்று அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததை அவர் எழுதுவதில்லை. சும்மா இருந்ததற்கெல்லாம் தன்னிடம் செக்‌ஷன் கிடையாது என்றார். வாய் திறக்காமல் இருந்தவர்களை எல்லாம் பிடிப்பதென்றால் செம்மேட்டில் பஸ் ஸ்டாண்டுகூட மிஞ்சாது என்றார். வெளியே ஜீப் வந்து நின்றது. மணி நான்காக ஐந்து நிமிடம் இருந்தது.

சங்கீதா பெஞ்சைவிட்டு எழுந்தாள். தெரசாவைப் பார்த்தாள். பிறகு வேகமாக மாதேஸ்வரன் முன்னால் போய் நின்றாள்.

“சார், நானும் ஜீப்புல வாரேனுங்க.”

“எதுக்கும்மா?”

“நாமக்கல்லுக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கோ, ஸ்டேசனுக்கோ. எங்கியோ கொண்டுபோய் உடுங்க.”

“உன் பேர்ல கேஸே இல்லையே. காலையில எல்லாம் வரமாட்டேன்னு அழுதே. இப்ப என்ன? ஊட்டுக்குப் போய்ச் சேரு.”

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜீப் திரும்பி, வந்த வழியே இறங்கியது. வாசலில் காவலுக்கு இருந்த கான்ஸ்டபிளும் அதில் ஏறிப் போய்விட்டார்.

“உக்காரு. இன்னிக்குக் கட்டு இன்னும் மாத்தலை” என்றாள் தெரசா.

“இன்னிக்கு ஒரு நாளு வேண்டாமுங்க சிஸ்டர்.”

“சீழ் வெச்சுரும்.”

தெரசா கையைக் கழுவினாள். விரல் விரலாகக் கழுவி, காற்றில் உலர விட்டாள். அவள் முகத்தில் கோபம் தெரியவில்லை. வேறு எதுவும்கூடத் தெரியவில்லை. சங்கீதா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். வேறு போக்கிடம் இல்லை. அந்தக் கையோடு அவள் தினமும் இங்கேதான் வந்தாக வேண்டும், இன்னும் ஒரு மாதத்துக்கு.

“மேடம், நீங்களாச்சும் செத்த நேரம் இருங்க” என்றாள் வளர்மதியிடம்.

வளர்மதி தெரசாவைப் பார்த்தாள்.

“நான் என்ன கேட்டேனோ அதைச் சொல்லிட்டீங்க மேடம். உங்க வேலை முடிஞ்சது. கட்டுப் போடுற எடத்துல வெளியாளுங்க நிக்கக் கூடாது. எங்களுக்கு ரூல் இருக்கு.”

அந்த விதி உண்மைதான். சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. வளர்மதி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பூபதி நகரவில்லை. அவன் தோளைத் தொட்டுத் திருப்ப வேண்டியிருந்தது.

பூபதி முதலில் வெளியே போனான், பின்னால் அவள். வாசற்படியில் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். சங்கீதாவின் முதுகு தெரிந்தது. தெரசா துணியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக அதை விட்டுவிட்டு, நிதானமாக நடந்து வாசலுக்கு வந்தாள். வளர்மதிக்கு ஒரு தலையசைப்பு.

கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது, அதற்குப் பிறகு சாவியும் ஒரு சுற்றுச் சுற்றியது.